சீரில் வந்த கம்ப்யூட்டர்

1. பொட்டு வைத்த பெட்டிகள்

பாண்டியில் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் கடையின் ஷட்டர் அன்று முழுதாக ஏறக்கூட இல்லை, வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு அம்மாள். அவர் மடியில், காலடியில், பக்கத்தில் எல்லாம் அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. ஒன்றின் மேல் வாடிப்போன மல்லிகைச் சரம் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பாகம் விற்கும் கடையில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், மதர்போர்டுக்குப் பூ வைத்து நான் பார்த்ததில்லை.

"மேடம், இதெல்லாம் எங்க வீட்டு சீரு. இத சேத்தா ஒரு கம்ப்யூட்டர் வருமான்னு பாத்து சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

அவர் பெயர் கௌரி. நாற்பது வயது இருக்கும். என் வயதுதான்.

என் பெயர் வாசுகி. இந்தக் கடையில் பில் போடச் சேர்ந்தேன். அசெம்பிளி செய்கிற பையன்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போகப் போக, ஸ்க்ரூ டிரைவர் என் கைக்கு வந்தது. அதன் பிறகு அதை யாரிடமும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் கட்டிக் கொடுத்த மெஷின் எதுவும் 'சரியா ஓடல' என்று கடைக்குத் திரும்பி வந்ததில்லை. சொல்லும்போது தலைக்கனம் தெரிந்தால் தெரியட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம் அது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் 'பார்ட்ஸ் செலக்ட் பண்றது எப்படி மேடம்' என்று கேட்கும்போதெல்லாம் நான் கௌரியின் கதையைத்தான் சொல்வேன். இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன்.

கௌரி பிறந்தது கடலோரத்தில், மீன்பிடிக்கும் குடும்பத்தில். மூலக்குளத்தில் புது வீடு கட்டி, அந்த வாரம்தான் குடி போயிருந்தார். புது வீட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பீரோ, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று சீர் எடுத்து வருவது நம் பக்கத்து வழக்கம். கௌரி தன் அண்ணனிடமும் தம்பியிடமும், "எனக்கு அதெல்லாம் வேணாம். ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

காரணம் இருந்தது. அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தவர். அந்த ஸ்டூடியோ மூடிவிட்டது. சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோக்காரர், ஒரு கல்யாணத்து வீடியோ முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்து, "சனிக்கிழமைக்குள்ள எடிட் பண்ணி அனுப்புங்க. புடிச்சிருந்தா பாண்டி, கடலூர் பக்கத்து வேலை எல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். கௌரியின் பழைய லேப்டாப் அந்த ஃபைலைத் திறந்ததும் மூச்சை விட்டுவிட்டது.

அன்று திங்கட்கிழமை.

"இது போச்சுன்னா இன்னொரு தடவ கேக்கமாட்டாங்க மேடம். எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஆனா எனக்கு இந்த வேலைய விட்டா வேற எதுவும் புடிக்காது" என்றார். அழவில்லை, குரலும் ஏறவில்லை. பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக என் மேஜை மேல் எடுத்து வைத்தார்.

2. வேற பூட்டு, வேற சாவி

பெட்டிகளைப் பிரித்தேன். அண்ணன் ஏழுமலை, ஊரிலேயே சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். மதர்போர்டு, ராம், கண்ணாடி வைத்த பெரிய கேபினட், மானிட்டர் எல்லாம் அவர் சீர். தம்பி பிரபு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் பிரான்ஸில் இருப்பவர். விடுமுறைக்கு வந்தவர் அங்கிருந்தே ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சட்டை துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

ஒவ்வொன்றும் நல்ல சாமான். சேர்த்துப் பார்த்தால்தான் தலைவலி. போர்டு ஒரு கம்பெனியின் ப்ராசஸருக்காகச் செய்தது, வந்திருக்கும் ப்ராசஸர் இன்னொரு கம்பெனி. சாக்கெட்டில் உட்காரவே உட்காராது.

"நீங்க மாடல் நம்பர் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் மேடம். ரெண்டு பேருக்கும் போன்ல சொன்னேன். நான் சொன்னத வாங்கல. ஒருத்தன விட ஒருத்தன் பெருசா வாங்கியிருக்கானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கௌரிக்கும் வந்தது. அம்மா வீட்டை இடித்துக் கட்டுவதா, அப்படியே விடுவதா என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபமாம். பேச்சு வார்த்தை கிடையாது. 'அவன் என்ன வாங்கினான்' என்று கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கு அவன் செய்வதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று.

"போர்ட கடையில திருப்பிக் குடுத்து மாத்திடலாமே" என்று சொல்லிக்கொண்டே போர்டுப் பெட்டியைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டி மேல் மட்டும் இல்லை, உள்ளே போர்டின் நடுவிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம். பளிச்சென்று இருந்தது.

"எங்க அண்ணி வச்சாங்க. பெட்டிக்கு வச்சா பெட்டிக்குத்தானே, பொருளுக்கு வைக்கணும்ல அப்டின்னாங்க" என்றார் கௌரி.

ப்ராசஸர் உட்காரும் இடத்தில் தலைமுடியைவிட மெல்லிய பின்கள் வரிசையாக இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு கதை முடிந்தது. நல்ல வேளை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அண்ணி பொட்டு வைத்தது அந்த மூடியின் மேல். விரல்நீளம் தள்ளி வைத்திருந்தாலும் சந்தனம் சர்க்யூட்டில் இறங்கியிருக்கும். துணியால் ஒற்றி எடுத்தேன். பின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெட்டியிலும் மூடியிலும் மஞ்சள் கறை படிந்த போர்டை எந்தக் கடைக்காரரும் திருப்பி வாங்கமாட்டார்.

எங்கள் முதலாளி கல்லாவிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தார். கௌரி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தார்.

"ஏம்மா வாசுகி, இதெல்லாம் மூட்ட கட்டி ஓரமா வைக்கச் சொல்லு. நம்ம கடையிலேயே புது செட் ஒண்ணு போட்டுக் குடுத்துடு. அவங்களுக்கும் அவசரம், நமக்கும் யாவாரம்."

"அப்படி வித்தா அடுத்த தடவ அவங்க இந்தப் பக்கம் வருவாங்களா சார்?"

"நீ இருக்கியே, யாவாரத்துக்கு லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் 'உன் இஷ்டம்' என்று அர்த்தம்.

சுலபமான வழி, தம்பியின் ப்ராசஸருக்குப் பொருந்துகிற வேறு போர்டு வாங்குவது. ப்ராசஸரை மாற்றுவதைவிடச் செலவு குறைவு. அதைத்தான் கௌரியிடம் சொன்னேன்.

"அண்ணன் போர்ட எடுத்தா அண்ணன் கோவிச்சுக்கும். தம்பியோடத எடுத்தா தம்பி கோவிச்சுக்குவான். அத நான் பாத்துக்கறேன். என் வேலைக்கு எது சரி, அத மட்டும் நீங்க சொல்லுங்க மேடம்."

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. கடைக்கு வருகிறவர்கள் 'எது பெஸ்ட்' என்று கேட்பார்கள், 'எது லேட்டஸ்ட்' என்று கேட்பார்கள். 'என் வேலைக்கு எது' என்று கேட்கிறவர் குறைவு.

"நாளைக்கு அந்த ஹார்ட் டிஸ்க கொண்டாங்க. உங்க அண்ணன், தம்பி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

3. ஃபைல் சொன்ன தீர்ப்பு

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். ஏழுமலை கடையின் இந்தக் கோடியில் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிரபு அந்தக் கோடியில் பிரிண்டர் அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். நடுவில் நானும் கௌரியும்.

எங்கள் கடையில் டெஸ்ட் பார்ப்பதற்கென்று இரண்டு மெஷின்கள் திறந்தே கிடக்கும். ஒன்று அண்ணன் போர்டின் வகை, இன்னொன்று தம்பி ப்ராசஸரின் வகை. கௌரி கொண்டுவந்த கல்யாண வீடியோவில் ஒரு துண்டை இரண்டிலும் போட்டேன். இது என் பழக்கம். விளம்பரத்தில் போட்டிருப்பதையோ, இணையத்தில் யாரோ ஏற்றிய படத்தையோ வைத்து நான் பாகம் தேர்ந்தெடுப்பதில்லை. வாங்குகிறவரின் சொந்த வேலையையே கொண்டுவரச் சொல்லி ஓட்டிப் பார்ப்பேன்.

தம்பி வகை மெஷினில் மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்கினார், தூக்கியபடியே நின்றார். படம் திக்கித் திக்கி நகர்ந்தது. அண்ணன் வகை மெஷினில் அதே தாலி, அதே மாப்பிள்ளை, ஒரு தடங்கல் இல்லாமல் மூன்று முடிச்சும் விழுந்தது.

பிரபுவின் முகம் சுருங்கியது. "அது எப்டி மேடம்? நான் வாங்கினது அதவிட ஒசத்தியான ப்ராசஸர்."

"ஒசத்திதான் தம்பி. கேம் ஆடறதுக்கு அதுதான் ராஜா. ஆனா சென்னைக்காரங்க கேமராவுல எடுக்கற ஃபைல் ஒரு தனி ரகம். அதப் பிரிச்சுக் காட்டறதுக்குன்னே இந்த ப்ராசஸருக்குள்ள ஒரு பகுதி இருக்கு. உங்களோடதுல அது இல்ல. அக்கா கேம் ஆடப் போறதில்லையே."

ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "நான் சொல்லல? என் போர்டுதான் நிக்கும்னு" என்று யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இருங்கண்ணே, உங்க பக்கமும் வர்றேன்" என்று அவருடைய கேபினட்டுடன் இலவசமாக வந்திருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் எடுத்தேன். மெஷின் முழுவதற்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி இதுதான். பூனைக்குட்டி மாதிரி லேசாக இருந்தது. "இது ஆவாது."

"அதுலயே பெரிய நம்பரா போட்டிருக்கே?"

"ஸ்டிக்கர்ல என்ன வேணா போடலாம்ணே. தூக்கிப் பாருங்க. தம்பி கொண்டாந்த கிராஃபிக்ஸ் கார்டு இதவிட வெயிட்டு. மூலக்குளத்துல கரண்டு ஏறி எறங்கற ஏத்த எறக்கத்துக்கு இத மாட்டினா, இதுவும் பூடும், உங்க போர்டையும் கூட்டிட்டுப் பூடும்."

அவர் தூக்கிப் பார்த்தார். படகு எஞ்சின் பார்க்கிற கை. எடை தெரிந்ததும் கீழே வைத்துவிட்டார்.

பிரபுதான் விடவில்லை. "அவ்ளோ தூரத்துலேர்ந்து கொண்டாந்தேன்க்கா. சீரா வச்சத வித்துட்டு வேற வாங்குவியா? வித்தா நல்லாவா இருக்கும்?"

அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கௌரி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"டேய், அம்மா எனக்குப் போட்ட வளையல அழிச்சு செயின் பண்ணினேனே, நீதானே கூட வந்த. அம்மா சீரு போச்சுன்னு அன்னிக்கு அழுதியா? இதுவும் அதேதான். உன் சீர அழிச்சு எனக்கு ஒத்து வர்றதா செஞ்சுக்கறேன். உன் கார்டு உள்ளதான் இருக்கும். அண்ணனோட கரண்டு பெட்டியும் போவுது பாரு. உன்னோடது ஒண்ணு, அண்ணனோடது ஒண்ணு. சரியாப் போச்சா?"

நகை பாஷையில் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சீர் நகையை விற்றால்தான் குற்றம், அழித்துச் செய்தால் குற்றமில்லை. இதை நான் எத்தனை மாடல் நம்பர் சொல்லியும் புரியவைத்திருக்க முடியாது.

"சரிக்கா. மெர்சி மேடம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

"மெர்சியாம் மெர்சி" என்று ஏழுமலை சுவரிடம் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

லாஸ்பேட்டையில் கட்டிட வரைபடம் போடுகிற ஒருவர் அதே ப்ராசஸரைத்தான் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போன் செய்து, "புதுசுதான் சார், பெட்டியில மஞ்சள் குங்குமம் இருக்கு, பரவாயில்லியா" என்றேன். "அப்ப பூஜ செலவு மிச்சம், எடுத்து வைங்க" என்றார். அவர் கொடுத்த பணத்தில் அண்ணன் போர்டுக்குப் பொருந்தும் ப்ராசஸரும், கையில் எடுத்தால் கனக்கிற எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் கௌரிக்குக் கிடைத்தன.

4. இரண்டாவது சத்தம்

"நாளைக்கு சாயங்காலம் ரெடி பண்ணி வச்சிடறேன், வந்து எடுத்துக்கங்க" என்றேன்.

கௌரி தலையை ஆட்டினார். "நீங்க வீட்டுக்கு வாங்க மேடம். ஒவ்வொண்ணா நானே பூட்டறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

என் மேஜையில் கஸ்டமர் கை வைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். முதலாளிக்கே அது பொருந்தும். "எதுக்கு? நான் பூட்டினா ஓடாதுன்னு பயமா?" என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, அதில்ல. வேல நடுவுல நின்னுபோச்சுன்னா நான் யாரத் தேடிட்டு ஓடறது? உள்ள என்ன இருக்குன்னு என் கைக்குத் தெரிஞ்சா எனக்கு பயம் இருக்காது."

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன்.

மூலக்குளத்து வீட்டில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். சீர் கொடுத்தவர்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இந்தச் சுவர் ஓரமாக ஒருவர், அந்தச் சுவர் ஓரமாக ஒருவர். தங்கள் பாகம் மாட்டப்படுவதைப் பார்க்காமல் போகமாட்டார்கள் போலிருந்தது.

கௌரி ப்ராசஸரை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல சாக்கெட்டில் வைத்தார். லீவரை அழுத்தச் சொன்னேன். அழுத்தும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்பவர்களுக்கு உள்ளே எல்லாம் நொறுங்கியதுபோலவே இருக்கும். கௌரி என்னைப் பார்த்தார். "அழுத்துங்க, அது அப்படித்தான் கத்தும்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். உட்கார்ந்தது. சூடு கடத்தும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு அதன் தலையில் வைத்து, விசிறி வைத்த கூலரைப் பூட்டினார். ராம் இரண்டையும் அதன் பள்ளத்தில் வைத்து, "ரெண்டு கட்ட வெரலாலயும் அழுத்துங்க, டக்குனு சத்தம் வரணும்" என்றேன். அழுத்தினார். பிறகு போர்டைக் கேபினட்டில் இறக்கி, ஸ்க்ரூ போட்டு, கேபிள்களை மாட்டி, கடைசியாகத் தம்பியின் கார்டையும் பூட்டினார். எனக்கே ஆச்சரியம், ஒரு ஸ்க்ரூ கூடக் கீழே விழவில்லை.

சுவிட்சைப் போட்டார். ஃபேன்கள் எல்லாம் சுற்றின. கேபினட்டின் விளக்குகள் திருவிழா மாதிரி எரிந்தன. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கறுப்பு.

கௌரியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. கேபிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. 'நம் கைராசி இன்றைக்கா போக வேண்டும்' என்று என் மனசும் அடித்துக்கொண்டது.

"மேடம்" என்றார் ஏழுமலை. "டக்குனு சத்தம் வரணும்னு சொன்னீங்கல்ல? மொதல்ல ஒண்ணு கேட்டுச்சு. ரெண்டாவது எனக்குக் கேக்கல."

எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் நடுக்கடலில் கண்டுபிடிக்கிற காது அது. இத்தனை நேரம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

பவரை எடுத்துவிட்டு கௌரி குனிந்தார். ராம் இருக்கும் இடத்தைப் பெரிய கார்டும் கூலரும் சேர்ந்து மறைத்தன. உள்ளே இருட்டு. பிரபு எழுந்து வந்து போன் டார்ச்சைக் காட்டினார். ஏழுமலையும் மறுபக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ காட்டுடா" என்றார் ஏழுமலை.

"இங்கயாண்ணே?"

"ஆங், அங்கதான். பாரு, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது."

கௌரி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டக்.

சுவிட்ச். ஃபேன். விளக்கு. மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் வந்தன. கௌரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வந்துடுச்சு. வந்துடுச்சு மேடம்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மெஷின்களில் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தவள்தான் நான்.

5. யார் கட்டியது

சனிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே கௌரி வீடியோவை அனுப்பிவிட்டார். சென்னையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இரண்டு நாள் கழித்து மூன்று பேருமாகக் கடைக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். பிரபு பிரான்ஸுக்குக் கிளம்புகிறார், சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். வேலை கிடைத்ததா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

இனிப்பை முதலாளி வாயில் போடும்போதுதான் கௌரியின் போன் அடித்தது. சென்னை நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், பாத்தோம். கலர் நல்லா வந்திருக்கு, சவுண்டும் சுத்தம். அடுத்த மாசம் கடலூர்ல ஒரு கல்யாணம், நீங்களே பண்ணிடுங்க. ஆமா, நல்ல மெஷின் வச்சிருப்பீங்க போல. யாரு கட்டிக் குடுத்தது?"

ஏழுமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரபு சட்டைக் காலரைச் சரிசெய்தார். முதலாளி கடையின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார். பொய் சொல்வானேன், நானும் என் பெயர் வரும் என்று காத்துக்கொண்டுதான் நின்றேன்.

"நான் கட்டினது சார்" என்றார் கௌரி.

முதலாளி காட்டிய கையை இறக்கிக்கொண்டார். உண்மை அதுதானே.

பாகம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இவ்வளவுதான். முதலில் வேலையைக் கேளுங்கள். அந்த வேலையையே மெஷினில் ஓட்டிப் பாருங்கள். யார் வாங்கிக் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதெல்லாம் சாக்கெட்டுக்குத் தெரியாது. கட்டுகிறேன் என்று யாராவது கையை நீட்டினால் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிடுங்கள்.

இதுவரை எத்தனை மெஷின் கட்டியிருப்பீர்கள் என்று என்னிடம் கேட்பார்கள். பெருமையாகச் சொல்வேன். அதில் மூலக்குளத்து மெஷினை மட்டும் சேர்க்கமாட்டேன். அது கௌரி கட்டியது.